26 வருடம், 7 ஆல்பம்: பெங்களூருவில் ஒரு சத்தமான இசைக்குழு தாக்குப்பிடிப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு, 'இன்னிக்கு எங்கயாவது லைவ் மியூசிக் இருக்கா?' என்று போனில் தேடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டேடியத்தில் நடக்கும் பெரிய கச்சேரிகளுக்கு டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நூறு, நூற்றைம்பது பேர் நின்று கேட்கிற சின்ன இடத்தில், சொந்தப் பாட்டை உரக்க வாசிக்கிற ஒரு குழுவைத் தேடினால் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும்.

ரசனை மாறிவிட்டது என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. மணி எத்தனை, டெசிபல் எத்தனை, லைசென்ஸ் இருக்கிறதா, டிக்கெட் எவ்வளவு ஆகிய நான்கு கேள்விகள்தான் ஒரு குழு முப்பதாவது வருடத்தைத் தொடுமா, மூன்றாவது வருடத்தில் கலையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஸ்ட்ரீட் பங்க் என்றால் என்ன?

1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் இசை கிளம்பியது. மூன்று கார்டு, வேகமான டிரம்ஸ், இரண்டரை நிமிடப் பாட்டு, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அது ஃபேஷன் ஆனது, பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் உள்ளே வந்தன. 'இது எங்க ஏரியா இசை, எங்ககிட்டயே இருக்கட்டும்' என்று இங்கிலாந்தின் தொழிலாளர் குடியிருப்புப் பையன்கள் பிடித்துக்கொண்ட வடிவம்தான் ஸ்ட்ரீட் பங்க். கிழக்கு லண்டனில் 1972-லேயே தொடங்கிய காக் ஸ்பாரர், எடின்பரோவில் 1979-ல் தொடங்கிய தி எக்ஸ்ப்ளாய்டட் ஆகியவை இந்த வகையில் அதிகம் பேசப்படும் பெயர்கள். இவற்றின் ஆயுளை வருடத்தில் எண்ணுவதைவிடத் தலைமுறையில் எண்ணலாம்.

வட சென்னைக் கானாவைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். இசை வேறு, ஊர் வேறு, ஆனாலும் குணத்தில் ஒரு ஒற்றுமை உண்டு. பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தெருக்காரர்கள். முதல் வரியைப் பாடகர் எடுத்தால் அடுத்த வரியைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ரெக்கார்டிங்கில் கேட்பது பாதிதான். மீதிப் பாதி அந்த அறையில் இருக்கிறது.

ஏன் மேடைதான் எல்லாமே?

ஒரு எண்ணைப் பாருங்கள். நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு 1974 முதல் 1996 வரை 2,263 நிகழ்ச்சிகள் நடத்தியது. 22 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு சுமார் 103. அதாவது, மூன்றரை நாளுக்கு ஒன்று.

அந்தக் குழு வளர்ந்தது சிபிஜிபி என்ற சின்ன பாரில். 1973-ல் திறந்த அந்த இடம், வாடகைத் தகராறுக்குப் பின் 2006-ல் மூடப்பட்டது. உலகப் புகழ் பெற்ற இடத்துக்கே வாடகைதான் எமன் என்றால், மற்ற இடங்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். சின்ன அரங்குகளுக்காக இயங்கும் பிரிட்டனின் மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023-ல் மட்டும் அங்கே இப்படிப்பட்ட 125 இடங்கள் நேரடி இசையை இழந்ததாகக் கணக்குச் சொன்னது.

பெங்களூருவில் இதற்கு நிகர் யார்?

இந்தியாவில் பங்க் குழுக்கள் இல்லாமல் இல்லை. மும்பையின் தி ரயட் பெட்லர்ஸ் ஓர் உதாரணம். ஆனால் 'நீண்ட காலம்', 'சத்தம்', 'மேடை' இந்த மூன்றையும் சேர்த்துப் பெங்களூருவில் தேடினால் நாம் போய் நிற்கும் பெயர் கிரிப்டோஸ்.

கிரிப்டோஸ் பங்க் இல்லை. 1980-களின் பாணியில் வாசிக்கும் ஹெவி மெட்டல் குழு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி: ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே மாதிரி சின்ன அரங்கு, டிவியிலும் எஃப்எம்மிலும் அதிகம் கேட்காத அதே நிலைமை. ஆக, ஒரு பங்க் குழு இந்த ஊரில் சந்திக்கும் தடைகள் எல்லாம் இவர்களுக்கும் உண்டு.

குழு தொடங்கியது 1998-ல். ஆல்பங்கள் வந்த வருடங்கள் இவை: 2004, 2008, 2012, 2016, 2019, 2021, 2024. 26 வருடத்தில் 7 ஆல்பம். முதல் ஆல்பத்துக்கே ஆறு வருடம் ஆனது. அதற்குப் பிறகு சராசரியாக மூன்று வருடம் நான்கு மாதத்துக்கு ஒன்று.

அந்த இடைவெளிகளில் குழுவைக் குழுவாக வைத்திருப்பது மேடைதான். 2010-ல் இவர்கள் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனார்கள். 2013-ல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் வாசித்தார்கள். மெட்டல் ரசிகர்களுக்கு வாக்கன் என்பது கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு மார்கழி சீசன் மாதிரி. பின்னாளில் அவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்டதும் ஏஎஃப்எம் என்ற ஜெர்மன் கம்பெனிதான்.

பெங்களூருக்காரர்கள் நாட்டுக்கே 'ராக் தலைநகரம்' என்று தங்கள் ஊரைச் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதன்முதலாக வாசித்தது 2007 மார்ச் 17 அன்று, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில். 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் அங்கேதான் வாசித்தது. ஆனால் வெளிநாட்டுக் குழு வருடத்தில் ஒரு நாள் வந்து போவது வேறு, உள்ளூர்க் குழு மாதா மாதம் வாசிப்பது வேறு. இரண்டாவதற்கு நிரந்தரமான சின்ன இடங்கள் வேண்டும். இந்திராநகரில் 2013-ல் தொடங்கிய தி ஹம்மிங் ட்ரீ அப்படி ஓர் இடம். 2019-ல் அது மூடப்பட்டது.

கேள்வி 1: மணி எத்தனை?

2024-ல் கர்நாடக அரசு பெங்களூரு மாநகராட்சி எல்லையில் பார்கள் இரவு 1 மணி வரை இயங்கலாம் என்று உத்தரவிட்டது. 'அப்போ 1 மணி வரைக்கும் கச்சேரி கேட்கலாமா?' என்றால், அப்படி இல்லை.

இசைக்கு வேறு விதி. மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பண்பாட்டு, மத விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், ஆனால் வருடத்துக்கு மொத்தம் 15 நாள்தான். உச்ச நீதிமன்றமும் 2005-ல் இந்த 10 மணிக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. உங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தும் மெல்லிசைக் கச்சேரியும் இப்போது சீக்கிரமே முடிந்துவிடுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே விதிதான்.

மொட்டை மாடி பப் என்றால் 10 மணிக்கு அமைதி. ஆபீஸ் முடித்து, அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கைத் தாண்டி நீங்கள் 8.30-க்கு வந்து சேர்ந்தால், இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து மிச்சம் இருப்பது ஒன்றரை மணி நேரம்.

கேள்வி 2: டெசிபல் எத்தனை?

அதே விதிகளில் ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு. வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. தனியார் இடத்திலிருந்து வரும் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆக, குடியிருப்புப் பகுதியில் இருக்கும் ஒரு பப்பின் சுவருக்கு வெளியே இரவில் 50 டெசிபல்தான் அதிகபட்சம்.

உள்ளே? ஒரு ராக் கச்சேரி 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். டிரம்ஸ் இருக்கிற அறையில் மைக்கே இல்லாவிட்டாலும் சத்தம் குறைவாக இருக்காது.

'100-லிருந்து 50, பாதிதானே குறைக்கணும்?' என்று தோன்றும். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம். டெசிபல் என்பது கூட்டல் அளவு அல்ல, பெருக்கல் அளவு. ஒவ்வொரு 10 டெசிபல் குறைவதற்கும் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 50 டெசிபல் குறைய வேண்டுமென்றால், வெளியே போகும் ஆற்றல் உள்ளே இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஒரு ஜன்னல் இடுக்கு, அடிக்கடி திறக்கும் ஒரு கதவு போதும், கணக்கு கெட்டுவிடும். அதிலும் பேஸ் கிட்டார், கிக் டிரம் போன்ற தாழ்ந்த ஒலிகள் சுவரையே அதிர வைத்து வெளியே போகும். வீடாகக் கட்டி, பிறகு பப்பாக மாற்றிய கட்டடத்தில் இதைச் செய்வது எவ்வளவு செலவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். பல உரிமையாளர்களுக்கு டிரம்ஸை எடுத்துவிட்டு, ஒரு பாடகர், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், சினிமாப் பாட்டு என்று முடித்துக்கொள்வதே லாபம்.

கேள்வி 3: லைசென்ஸ் இருக்கிறதா?

பெங்களூருவுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. கர்நாடக போலீஸ் சட்டம், 1963-ன் கீழ் 2005-ல் ஓர் உத்தரவு வந்தது. அதன்படி, பொதுக் கேளிக்கை நடக்கும் இடங்கள் நகரப் போலீஸ் கமிஷனரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கேபரே, டிஸ்கோத்தே ஆகியவற்றோடு 'லைவ் பேண்ட்' என்பதும் இந்த உத்தரவுக்குள் வந்தது.

இதுல ஒரு வார்த்தை விளையாட்டு இருக்கு. பெங்களூரு வழக்கில் 'லைவ் பேண்ட்' என்றால் அப்போது ராக் குழு என்று அர்த்தம் இல்லை. பெண்கள் ஆடும் பார்களுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றைக் கட்டுப்படுத்தப் போட்ட விதியில், கிட்டாரோடு மேடையேறிய குழுக்களும் மாட்டிக்கொண்டன. 2008-ல் போலீஸ் கெடுபிடி இறுகியபோது பல இடங்களில் நேரடி இசை நின்றது, இசைக்கலைஞர்கள் போராடினார்கள்.

உத்தரவை எதிர்த்து உணவக உரிமையாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக அரசு இப்படி ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம். அதே வருடம் லைசென்ஸ் இல்லாத இடங்கள் மீது போலீஸ் நடவடிக்கை எடுத்தது. இந்திராநகர் உட்படப் பல இடங்களில் மறுபடியும் மேடைகள் அமைதியாயின.

'லைசென்ஸ் வாங்கிட்டா முடிஞ்சுது, இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, கட்டடம் முறைப்படி முடிந்ததற்கான குடியிருப்புச் சான்று போன்றவை வேண்டும். பெங்களூருவில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், இந்தச் சான்று இல்லாத கட்டடங்கள் இந்த ஊரில் எத்தனை என்று. கட்டடத்தின் குறைக்கான விலையை அதில் வாசிக்கும் குழு கொடுக்கிறது. அதற்காக விதியே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவசர வழி இல்லாத மூன்றாவது மாடி ஹாலில் 200 பேரை அடைப்பது ஆபத்துதான்.

கேள்வி 4: டிக்கெட் எவ்வளவு?

இசை நிகழ்ச்சிக்கான டிக்கெட் ₹500 வரை இருந்தால் ஜிஎஸ்டி விலக்கு. அதைத் தாண்டினால் 18%. சின்ன கச்சேரிகளின் டிக்கெட் ₹499-ல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செருப்புக் கடை தந்திரம் மட்டும் இல்லை அது.

ஓர் அமைப்பாளர் விலையை ₹599 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி உள்ளடங்கிய விலை என்றால், 599-ஐ 1.18-ஆல் வகுத்தால் அவர் கையில் நிற்பது ₹507.63. நீங்கள் நூறு ரூபாய் அதிகம் கொடுத்தீர்கள், அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது 8 ரூபாய் 63 காசு! உண்மையிலேயே நூறு ரூபாய் அதிகம் சம்பாதிக்க வேண்டுமென்றால் டிக்கெட்டை சுமார் ₹707-க்கு விற்க வேண்டும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. 150 பேர், தலைக்கு ₹499, மொத்தம் ₹74,850. இதில் பாதி அரங்குக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் போகிறது என்று கொள்வோம். மீதி ₹37,425. நான்கு பேர் கொண்ட இரண்டு குழுக்கள், ஒரு சவுண்ட் இன்ஜினியர், மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்கு ₹4,158. மாதம் ஒரு கச்சேரி தவறாமல் நடந்தால் வருடத்துக்கு சுமார் ₹49,900. ரிகர்சல் அறை வாடகை, கிட்டார் கம்பி, டிரம்ஸ் ஏற்ற டெம்போ எல்லாம் இதிலிருந்துதான். இதுவும் ஹவுஸ்ஃபுல் ஆனால் கிடைக்கும் கணக்கு.

சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுவில் இருப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பது ஏன் என்று இப்போது புரியும். உங்கள் பக்கத்து க்யூபிக்கிளில் இருப்பவர் ஒரு டிரம்மராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் வில்லனா?

இல்லை. காலை 6 மணிக்கு ஸ்கூல் பஸ்ஸுக்குப் பிள்ளையைக் கிளப்ப வேண்டிய ஒருவரின் படுக்கையறைச் சுவர் இரவு 11 மணிக்கு அதிர்ந்தால், அவர் போலீஸுக்கு போன் செய்வது நியாயம்தான். சுகாதாரக் கேள்வியும் இருக்கிறது. 85 டெசிபலை 8 மணி நேரம் காது தாங்கும் என்றால், 100 டெசிபலுக்கு அந்தப் பாதுகாப்பு நேரம் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் கணக்கு. கச்சேரி அரங்கில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது.

அதனால் 'சத்தமா, தூக்கமா' என்று கேட்பதைவிட, 'தடுப்புச் சுவருக்கு யார் காசு கொடுப்பது' என்று கேட்பது பயன் தரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லும், இங்கிலாந்து 2018-லும் இதற்கு ஒரு பதிலைத் தங்கள் நகரத் திட்ட விதிகளில் சேர்த்தன. யார் பின்னால் வந்தாரோ அவர் பொறுப்பு. இருபது வருடமாக இசை நடக்கும் அரங்குக்குப் பக்கத்தில் புதிதாக அப்பார்ட்மென்ட் கட்டினால், ஒலித் தடுப்புச் செலவு பில்டருடையது. வீடுகள் இருக்கும் தெருவில் புதிதாக பப் திறந்தால், செலவு பப்புடையது. பெங்களூருவின் பல தெருக்களில் பின்னால் வந்தது பப்தான் என்பதால், இந்த விதி இங்கே வந்தாலும் முதல் பில் அவர்களுக்குத்தான் போகும். ஆனால் ஒரு முறை செலவு செய்துவிட்டால் நாளைக்கும் கச்சேரி நடத்தலாம் என்ற உறுதி கிடைக்கும். இன்று இல்லாதது அந்த உறுதிதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- நேரத்துக்குப் போங்கள். 10 மணிக் கட்டுப்பாடு இருக்கும் ஊரில், முதலில் வாசிக்கும் குழுதான் காலி ஹாலுக்கு வாசிக்கிறது. ஐந்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போகும் குழு அதுவாக இருக்கலாம்.
- 'கெஸ்ட் லிஸ்ட்ல பேர் போடு மச்சி' என்று கேட்காதீர்கள். மேலே உள்ள கணக்கில் பத்து டிக்கெட் குறைந்தால் ஒருவருடைய பங்கில் பாதிக்கு மேல் போய்விடும்.
- டி-ஷர்ட், சிடி விற்றால் வாங்குங்கள். அதில் குழுவுக்கு நிற்கும் பங்கு பெரும்பாலும் டிக்கெட்டைவிட அதிகம்.
- காதில் இயர்பிளக் வையுங்கள். இசை தெளிவாகத்தான் கேட்கும், அடுத்த நாள் காதில் 'ஙொய்' என்ற சத்தம் இருக்காது.
- வெளியே வந்ததும் தெருவில் நின்று கத்திப் பேசாதீர்கள். உள்ளே வாசித்த குழுவுக்குப் பதிலாக, வெளியே நிற்கும் உங்களால் வரும் புகாரும் லைசென்ஸைத்தான் பாதிக்கும்.

கிரிப்டோஸுக்கு முதல் ஆல்பம் வர ஆறு வருடம் ஆனது. இன்று ஏதோ ஒரு பிஜி அறையில் மூன்று கார்டோடு தொடங்கும் குழுவுக்கும் அப்படி ஆறு வருடம் வேண்டியிருக்கும். அதுவரை மாதம் ஒரு முறையாவது ஏறி இறங்க, அவர்களுக்கு ஒரு சின்ன மேடை வேண்டும்.